ஆடு செத்த இடம்

ஹனோவர்
19.01.2025

இயேசு மரி சூசை துணை. (மூன்று பேரையும் இந்த லொறியிலேயே உன்னிடம் அனுப்புகிறேன். இடம் போதாவிட்டால் சூசையப்பரை மட்டும் திருப்பி அனுப்பு. இங்கே அலுமாரிக் கதவு கழன்று நிற்கிறது. அவர் தச்சர், எனக்கு அந்த வேலை வராது.)

அன்பு மகள் சுபானிக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். நான் சுகம் என்பதற்கு அத்தாட்சி, நேற்று பதினாலு இடியப்பம் தின்றேன். அம்மா சுகம் என்பதற்கு அத்தாட்சி, அதை எண்ணிச் சொன்னது அவர்தான். நீ எப்படி? காலுறை காய்கிறதா? சளி விட்டதா? அந்த ஊர்ச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துப்போகிறதா?

போனில் உன்னிடமிருந்து எனக்குக் கிடைப்பது மூன்று சொல். "ஓம் அப்பா", "சாப்பிட்டன்", "வைக்கிறன்". அதிலும் பாதியில் அங்கே மின்சாரம் போய்விடுகிறது. உங்கள் நிறுவனத்தின் லொறி இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை எங்கள் களஞ்சியத்துக்குப் பின்னாலிருந்துதான் உக்ரேனுக்குப் புறப்படுகிறது என்பதைப் போன கிழமைதான் கண்டுபிடித்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் இருபத்தொரு வருடம் ஸ்டாப்லர் என்கிற பாரம் தூக்கும் வண்டி ஓட்டிப் பெட்டி தூக்கியவனுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அந்த வண்டிக்காவது பின்பக்கம் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது.

ஆகவே இனிக் கடிதம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்பது வருடம் உன்னை இழுத்துக்கொண்டு போனதற்கு இப்போதாவது பலன் வரட்டும்.

கோவிலில் உன்னைப் பற்றிக் கேட்டால் அம்மா, "மகள் அங்க விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லுறா" என்கிறார். கண்ணிவெடி என்ற சொல் அவர் வாயில் வராது. நான் உள்ளதைச் சொல்கிறேன். வயலில் வெடி கிடக்கிறதா என்று ஊராட்களிடம் கேட்டுக் கேட்டு வரைபடத்தில் குறிக்கிற வேலை என்று. அதற்குக் கோவிலுக்கு வருகிற சில்வெஸ்டர் அண்ணை, "கேட்டா உள்ளதைச் சொல்லுவினமோ?" என்றார். நல்ல கேள்வி. சொல்கிறார்களா?

இப்படிக்கு,
ஓ.எல். பரீட்சை இரண்டு தரம் எடுத்தும் கணக்கு எடுபடாத உன் அப்பா
அன்ரன்

*

மிக்கொலாயிவ் பக்கம் (ஊர்ப் பெயர் எழுத எங்களுக்கு அனுமதி இல்லை)
06.02.2025

அன்பான அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகம். காலுறை காயவில்லை, ஆனால் நான் சுகம். சூசையப்பரைத் திருப்பி அனுப்ப ஏலாது. இங்கே கதவில்லாத வீடுகள் நிறைய.

ஹனோவருக்கு வெளியே கோதுமை வயலைக் கண்டால் "என்ன இது, முடிவே இல்லை" என்பீர்களே, அதைப் பத்தால் பெருக்குங்கள். வயலுக்கும் வயலுக்கும் நடுவே காற்றை மறிக்க நட்ட மரவரிசை. மண் கறுப்பு. மழை பெய்தால் சப்பாத்தோடு ஒரு கிலோ மண்ணும் வீட்டுக்கு வரும். 2022இல் ரஷ்யப் படை எட்டு மாதம் இந்த ஊரில் இருந்தது. போகும்போது அறுவடை இயந்திரத்தையும் களஞ்சியத்துத் தானியத்தையும் கொண்டுபோய், வெடிகளை விட்டுப்போனது.

மிஞ்சியிருப்பது நாற்பது குடும்பம். எல்லோருடைய காணித் துண்டுகளையும் சேர்த்துப் பயிர் செய்பவர் ஹலினா. ஐம்பத்தினாலு வயது, குரல் அம்மாவின் குரலைவிடப் பெரிது. அவருக்கு உழவு இயந்திரம் ஓட்டுபவர் வசில்.

என் அட்டையில் ஜெர்மன் நிறுவனத்தின் பெயரைப் பார்த்ததும் ஹலினா சிரித்தார். "போன தரம் ஜெர்மன்காரன் வந்தபோதும் கையில வரைபடம் இருந்ததாம். நீ அந்த ஜெர்மன் மாதிரித் தெரியேல்லையே?" பிறகு உருளைக்கிழங்கை உரித்தபடி தாள்களின் கதையைச் சொன்னார். 1930இல் ஒருவன் தாளோடு வந்து, காணி இனிப் பொதுக்காணி என்றான். அவருடைய பூட்டன் கையெழுத்து வைத்தார். இரண்டு வருடத்தில் வேறொரு தாளோடு வந்து விதைதானியத்தையும் எடுத்தார்கள். அந்தக் குளிரில் ஊரில் பாதிப்பேர் பசியால் செத்தார்கள். பிறகு ஜெர்மன் தாள். பிறகு மறுபடி கூட்டுப்பண்ணைத் தாள். தொண்ணூறுகளில் ஆளுக்கொரு துண்டு என்று காணியைத் திருப்பிக் கொடுத்த தாள், ஆனால் அதற்குள் உழவு இயந்திரங்களைப் பண்ணைத் தலைவர் விற்றிருந்தார். கடைசியாக ரஷ்யத் துவக்கோடு வந்த தாள்.

"இப்ப நீ வந்திருக்கிறாய். உன்ர தாளில என்ன எழுதியிருக்கு?"

பேச்சைத் தொடங்க எனக்கு ஒரு வழி இருக்கிறது அப்பா. யாகோப்புச் சித்தப்பாவைப் பற்றிச் சொல்வேன். எங்களுக்கும் யுத்தம் தெரியும், என் சித்தப்பாவின் வலது காலை ஷெல் கொண்டுபோனது, அவர் இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் வெங்காயம் செய்கிறார் என்று. உடனே உட்காரக் கதிரை தருவார்கள்.

முத்தங்களுடன்,
சுபானி

*

ஹனோவர்
20.02.2025

இயேசு மரி சூசை துணை. (அலுமாரிக் கதவை நானே பூட்டினேன். இப்போது திறக்க முடியவில்லை.)

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. எனக்கு வேலையிடத்தில் புது ஸ்டாப்லர் வந்திருக்கிறது. பிழை விட்டால் பெண்குரலில் கத்துகிறது, வீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறது.

தாள் கதையை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்தேன். என் அகதி விண்ணப்பத்துக்காக ஆறு வருடம் நான் சுமந்த தாள்களை விரித்தால் அந்த அம்மாவின் வயலை மூடலாம் என்று பெருமை அடித்துப் பார்த்தேன். "உங்களுக்குக் கடைசியில தந்தவங்கள். அவவிட்ட இருந்து எடுத்தவங்கள்" என்றார் அம்மா.

ஒரு விஷயம். சித்தப்பாவின் கால் கதையை அங்கே சொல்ல வேண்டாம். அவருக்குப் பிடிக்காது. பிடிக்காது என்று அவர் சொன்னதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். வேறு ஏதாவது சொல்லு. நான் கிழக்கு பேர்லினில் வந்து இறங்கி, மேற்குக்குப் போகிற ரயில் என்று நினைத்துப் பிழையான ரயிலில் ஏறி, மூன்று மணித்தியாலம் போலந்துப் பக்கமாகப் போன கதையைச் சொல்லு. அதற்கும் கதிரை தருவார்கள்.

ஹலினா அம்மா கடைசியில் வெடி பற்றிய உன் கேள்விக்குப் பதில் சொன்னாரா? நீ எழுதவில்லை.

ஈஸ்டருக்கு நீ வருவாய் என்று அம்மா இறைச்சிக்கு இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.

இப்படிக்கு,
புது ஸ்டாப்லரிடம் ஏச்சு வாங்கும் அப்பா

*

மிக்கொலாயிவ் பக்கம்
09.03.2025

அன்பான அப்பா, அம்மா,

நான் சுகம். சளி விட்டுவிட்டது. அம்மாவின் முழங்காலுக்குக் கட்டுகிற துணியை லொறிக்காரரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன், ஹலினா பின்னியது. ஈஸ்டருக்கு என்னால் வர ஏலாது. கோபிக்க வேண்டாம். காரணம் சொல்கிறேன்.

ஹலினா பதில் சொல்லிவிட்டார். மரவரிசைக்கு அப்பால் அறுபத்திரண்டு ஹெக்டேர் வயல் ஒன்று இருக்கிறது. மூன்று வருடமாக "சந்தேகம்" என்று எங்கள் வரைபடத்தில் கிடக்கிறது. சந்தேகம் உள்ள காணியில் விதைக்க முடியாது, கடனும் இல்லை, மானியமும் இல்லை. ஹலினாவும் வசிலும் சாட்சி எழுதித் தந்திருக்கிறார்கள். "அங்க ஒண்டும் இல்லை. மாடு மேய்ச்சனாங்கள்." ஏப்ரல் 14 எனக்கு அதிகாரிகளோடு டெர்மின், சந்திக்கிற நாள். நான் கையெழுத்துப் போட்டால் காணி அவர்களுடையது. ஈஸ்டர் முடிந்ததும் சூரியகாந்தி விதைப்பார்கள். முதல் நாள் வசில் ஓட்டுவார்.

இந்த வசந்தம் தவறினால் பாதிக் குடும்பங்கள் போய்விடும். வசிலின் மனைவி போலந்துக்குப் போகச் சாமான்களைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறார். ஹலினா சொல்கிறார், "விதைக்காத ஊர் ஊரில்லை பிள்ளை. வரைபடத்தில ஒரு புள்ளி."

நேற்று வயலைக் காட்டக் கூட்டிப்போனார்கள். நேரே போனால் பத்து நிமிடம். குளத்துப் பக்கத்தால் சுற்றி ஒரு மணித்தியாலம் நடந்தோம், நேர்வழி சேறாம். நாயை வீட்டில் கட்டிவிட்டு வந்தார்கள். வசிலின் உழவு இயந்திரத்து ஆசனத்துக்குக் கீழே இரும்புத் தகடு ஒட்டியிருக்கிறது. "கல்லுத் தெறிக்கும், அதுக்கு" என்றார். திரும்பி வந்து ஊறுகாய் வெள்ளரிக்காயும் பன்றிக் கொழுப்பும் தின்றோம். அப்பா, இந்த மனிதர்களை உங்களுக்குப் பிடிக்கும்.

முத்தங்களுடன்,
சுபானி

*

ஹனோவர்
14.03.2025

சுபானிக்கு,

நாங்கள் சுகம். லொறி இன்னும் ஒரு மணித்தியாலத்தில் போகிறது, அதனால் சுருக்கமாக.

நாயை ஏன் கட்டினார்கள்?

பத்து நிமிட வழி இருக்க ஏன் குளத்துப் பக்கத்தால் சுற்றினார்கள்? சேறு என்றால் குளக்கரையில் அல்லவா கூடச் சேறு இருக்கும்?

வசிலிடம் கேட்காதே, அவருடைய மனைவியிடம் கேள். கேட்காமல் கையெழுத்துப் போடாதே.

பகிடி ஒன்றும் கைவசம் இல்லை.

அப்பா

*

மிக்கொலாயிவ் பக்கம்
27.03.2025

அன்பான அப்பா,

நான் சுகம். நீங்கள் சுகமா? அந்தக் கடிதத்தை நீங்கள்தான் எழுதினீர்களா என்று எழுத்தை இரண்டு தரம் பார்த்தேன்.

கேட்டேன். நாய் முயலைக் கண்டால் ஓடிவிடுமாம். வழியில் சேறாம். வசிலின் மனைவி "எனக்குத் தெரியாது" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஹலினா என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

அப்பா, இது என் வேலை. இரண்டு பேர் எழுதித் தந்த சாட்சி இருக்கிறது. விபத்து எதுவும் பதிவில்லை. நாய் கட்டியிருந்தது என்று சொல்லி நாற்பது குடும்பத்தின் சோற்றை நிறுத்த என்னால் ஏலாது. நீங்கள் பெட்டி தூக்குகிறீர்கள். நான் இதற்குப் படித்தவள். இதை இப்படி எழுதியதற்கு மன்னியுங்கள், ஆனால் அழிக்கமாட்டேன்.

உங்களுக்கு ஏதாவது காரணம் தெரிந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எனக்காகச் செபமாலை சொல்லுங்கள். ஏப்ரல் 14, காலை பத்து மணி.

சுபானி

*

ஹனோவர்
30.03.2025

இயேசு மரி சூசை துணை.

அன்புத் தம்பி யாகோப்புக்கு அண்ணன் எழுதுவது.

நாங்கள் இங்கே சுகம். நீ, உன் மனுசி, மகன் நிஷாந்தன் எல்லோரும் சுகமா? ஆடுகள் சுகமா? மோட்டர் ஒழுங்காக இறைக்கிறதா? கூரை ஒழுகியதே, ஓடு மாற்றினாயா? வெங்காயம் கிண்டத் தொடங்கியாயிற்றா?

தபாலில் போட்டால் மூன்று கிழமை என்பதால் இந்தத் தாளைப் படம் எடுத்து நிஷாந்தனின் போனுக்கு அனுப்புகிறேன்.

சுபானி உக்ரேனில் என்ன வேலை செய்கிறாள் என்று உனக்குத் தெரியும். அங்கே ஒரு ஊர் ஆட்கள், வெடி கிடக்கிற வயலை "ஒண்டும் இல்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படித்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் அதை நம்பி ஏப்ரல் 14 கையெழுத்துப் போடப்போகிறாள், எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறாள்.

கிழக்குத் தோட்டத்துக் கதையை அவளிடம் சொல்லப்போகிறேன். உன்னைக் கேட்காமல் சொல்லக்கூடாது. சொல்லலாமா?

அண்ணன்,
அன்ரன்

*

ஹனோவர்
02.04.2025

இயேசு மரி சூசை துணை.

மகள் சுபானிக்கு,

இதோடு உன் போனுக்கும் ஒரு வரி அனுப்பியிருக்கிறேன். "கையெழுத்துப் போடாதே, கடிதம் வருகிறது, அப்பா." போனிலேயே சொல்ல இரண்டு தரம் எடுத்தேன். இரண்டு தரமும் நீ "ஓம் அப்பா" என்றாய், நான் "சாப்பிட்டியோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சித்தப்பாவிடம் அனுமதி கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. லொறி இன்றைக்குப் போகிறது. அடுத்தது பதினைந்து நாளில். அதனால் அனுமதி இல்லாமலே எழுதுகிறேன்.

2003 தை மாதம், பதினேழு வருடத்துக்குப் பிறகு, நான் ஊருக்குப் போனேன். சண்டை நின்றிருந்த காலம். உனக்கு ஐந்து வயது, வரும்போது உனக்கு ஒரு மரயானை கொண்டுவந்தேன். போகும்போது கொண்டுபோனது ஒரு புது நீர் இறைக்கும் மோட்டர். மூன்று கிழமை லீவு. கிழக்குத் தோட்டத்தில் வெங்காயம் நட்டு, அதற்கு என்னுடைய மோட்டர் தண்ணீர் இறைப்பதை என்னுடைய கண்ணால் பார்த்துவிட்டுத்தான் திரும்புவது என்று இருந்தேன். முழு ஊரும் அதைப் பார்க்க வேண்டும் என்றும் இருந்தேன்.

வெடி தேடுகிற நிறுவனத்திலிருந்து இரண்டு பெடியள் வந்தார்கள். கையில் உன்னுடையதைப்போல ஒரு வரைபடம். "அண்ணை, இந்தக் காணியில ஏதும் கண்டிருக்கிறியளோ? ஆடு மாடு ஏதும் செத்ததோ?" சித்தப்பா வாயைத் திறந்தார். முந்தின மாதம் அவருடைய ஆடு ஒன்று பூவரசு வேலிக்குப் பக்கத்தில் வெடியை மிதித்துச் செத்திருந்தது. அன்றிலிருந்து அவர் நேர்வழியை விட்டுக் குளக்கரையால் சுற்றித்தான் தோட்டத்துக்குப் போவார். நாயைக் கட்டிவிட்டுப் போவார். எனக்கு முதல் நாளே எல்லாம் சொல்லியிருந்தார்.

நான் அவர் தோளில் கைபோட்டு முன்னுக்கு வந்தேன். "ஒண்டும் இல்லைத் தம்பி. நான் எல்லா இடமும் நடந்து பாத்திட்டன்" என்றேன். வெள்ளைச் சப்பாத்தும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஜெர்மன்காரர் சொன்னால் யார் மறுப்பது? எழுதிக்கொண்டு போனார்கள். "இருக்கு" என்றால் சிவப்புப் பலகை நட்டு இரண்டு மூன்று வருடம் உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவிடம், "ஆடு செத்த இடம் தெரியும்தானே? அதை விட்டிட்டு மிச்சத்தைக் கொத்து" என்றேன். எவ்வளவு கெட்டித்தனம் பார்.

வெடி இருந்தது ஆடு செத்த இடத்தில் இல்லை. அதிலிருந்து எட்டடி தள்ளி. நான் ஹனோவருக்குத் திரும்பிப் பதினோராம் நாள் சித்தப்பாவின் கால் போனது.

ஷெல் என்று உங்களுக்குச் சொன்னது நான். ஊரில் சித்தப்பா, "ஒண்டும் இல்லை" என்று சொன்னது தான்தான் என்று சொல்லிவைத்திருக்கிறார். ஒரு நாளும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு தவக்காலமும் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன். பியர், பொய், அம்மாவோடு சண்டை எல்லாம் சொல்வேன். இதைச் சொன்னதில்லை. மூன்று "அருள் நிறைந்த மரியே" சொல்லிவிட்டுப் போ என்று சுவாமியார் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அந்த ஊராட்கள் கெட்டவர்கள் இல்லை. தாளோடு வந்தவர்கள் எல்லோரும் அவர்களிடமிருந்து எடுத்துத்தான் போனார்கள். உன்னையும் அப்படித்தான் பார்ப்பார்கள். நீ போய் "பொய் சொல்லுறியள்" என்றால் கதவு மூடும். நீ சொல்லாதே. இந்தக் கடிதத்தை ஹலினா அம்மாவுக்கும் வசிலுக்கும் வாசி. வெள்ளைச் சப்பாத்தையும் சேர்த்து முழுதும் வாசி. அவர்கள் உண்மைதான் சொல்லியிருக்கிறார்கள் என்றால், எங்கேயோ ஒரு முட்டாளின் கதையைக் கேட்டதாகப் போகட்டும்.

அப்பா

*

யாழ்ப்பாணம்
21.04.2025, ஈஸ்டர் திங்கள்

அண்ணைக்கு யாகோப்பு எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அண்ணியும் நீங்களும் சுகமா?

உங்கள் கடிதத்தை நிஷாந்தன் போனில் பெரிதாக்கிக் காட்டினான். மூன்று கிழமை பதில் எழுதவில்லை. வெங்காயம் கிண்டுகிற நேரம் என்று சொல்லலாம். அது பொய்.

சொல்லலாமா என்று கேட்டீர்கள். கேட்ட மூன்றாம் நாளே சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து உங்களுக்குப் பொறுமை இல்லை. இந்த முறை அது நல்லது.

நீங்கள் சொன்னபடியால் மட்டும் நான் அதைக் கொத்தவில்லை. எனக்கும் அந்த வெங்காயம் வேண்டியிருந்தது. அந்தப் பெடியளுக்கு முன்னால் எனக்கும் வாய் இருந்தது. அதனால்தான் ஊரில் என் தலையில் போட்டேன். அதில் எனக்கு உங்களோடு கோபம் இல்லை.

கோபம் வேறொன்றில். இருபத்திரண்டு வருடமாக நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள். மோட்டரைக் கேட்டீர்கள். கூரையைக் கேட்டீர்கள். ஆட்டைக் கேட்டீர்கள், ஆடு செத்தால் குட்டியைக் கேட்டீர்கள். பகிடியும் எழுதினீர்கள், நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இந்தக் கடிதத்திலும் ஓடு மாற்றினாயா என்று இருக்கிறது.

மாற்றிவிட்டேன்.

பிள்ளை கையெழுத்துப் போடவில்லைத்தானே? அதை உடனே அறிவியுங்கள்.

யாகோப்பு

*

மிக்கொலாயிவ் பக்கம்
03.05.2025

அன்பான அப்பா,

நான் சுகம். கையெழுத்துப் போடவில்லை என்று போனில் சொன்னேன். மற்றதைக் கடிதத்தில்தான் எழுதுவது என்று வைத்திருந்தேன், நீங்கள் செய்ததுபோல.

கடிதம் ஏப்ரல் 11 வந்தது. அன்றைக்கே ஹலினாவின் குசினியில் இருந்து வாசித்தேன், ஒவ்வொரு வரியாக மாற்றிச் சொல்லி. வெள்ளைச் சப்பாத்துக்கு வசில் சிரித்தார். எட்டடி என்றபோது ஹலினாவின் கத்தி நின்றது.

"உன்ர அப்பா இதை உனக்கு எழுதினவரோ, எனக்கு எழுதினவரோ?"

"ரெண்டு பேருக்கும்."

"வாசிச்சது காணும். போ."

கதவு மூடிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஞாயிறு குருத்தோலைத் திருநாள். இங்கே ஓலை இல்லை, வில்லோ மரத்துக் கிளைகளைத்தான் மந்திரித்துக் கொடுப்பார்கள். பூசை முடிந்து ஹலினாவும் வசிலும் என் கந்தோர் வாசலில் வந்து நின்றார்கள். கையில் ஒரு கட்டு வில்லோத் தடி, ஒவ்வொன்றிலும் சிவப்புச் சட்டைத் துணியில் கிழித்த நாடா. "மாட்டுக் கண்டு செத்த இடம் ஒண்டு" என்றார் வசில். "முயல் வெடிச்ச இடம் ரெண்டு. கம்பி கண்ட இடம் ஒண்டு." அந்த நாலு இடத்தையும் விட்டுவிட்டு மிச்சத்தை உழுவதாக இருந்தாராம். உள்ளே போக நான் விடவில்லை. ஓரத்தில் நின்று அவர் கையைக் காட்டக் காட்ட, நான் குறித்தேன்.

16ஆம் திகதி வெடி அகற்றும் குழு ஓரத்தைச் சோதிக்க வந்தது. வசில் முதல் சால் ஓட்ட இருந்த கோட்டில், முயல் வெடித்த இடத்திலிருந்து பதினொரு அடி தள்ளி, ஒன்று கிடந்தது. முயலுக்கு வைப்பது இல்லை, டாங்கிக்கு வைப்பது. வசில் போய்த் தன் ஆசனத்துக்குக் கீழே இருந்த இரும்புத் தகட்டைப் பார்த்துவிட்டு வந்தார். "இது தேத்தண்ணித் தட்டு" என்றார்.

முப்பத்தெட்டு ஹெக்டேர் திரும்பக் கிடைத்தது. இருபத்தினாலுக்குச் சிவப்புப் பலகை. ஹலினா மூன்று நாள் என்னைக் கண்டால் மற்றத் தெருவால் போனார். நாலாம் நாள் வந்து, "முப்பத்தெட்டு இப்ப. இருபத்தினாலு பிறகு. நான் எங்கயும் போகேல்லை" என்றார். 28ஆம் திகதி விதைக்கத் தொடங்கி, வசில் சிவப்பு நாடாவின் விளிம்புவரை ஒரு சாண் விடாமல் விதைத்தார். அவருடைய மனைவி அடுப்புச் சாமான் பெட்டியை மட்டும் அவிழ்த்திருக்கிறார். மற்றப் பெட்டிகள் அறுவடையைப் பார்த்துத்தானாம்.

ஷெல் கதையை நான் எத்தனை வீட்டில் சொன்னேன் தெரியுமா? அத்தனை வீட்டுக்கும் திரும்பப் போய் மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் இரண்டு வீட்டில், கேட்டுவிட்டு அவர்களும் தடி வெட்ட எழும்பினார்கள். உங்களோடு எனக்குக் கோபம் இருக்கிறது அப்பா. யூன் மாதம் வருவேன், நேரில் தீர்ப்பேன்.

வசில் கேட்டார், "உன்ர அப்பா இப்பவும் பகிடி விடுறவரோ?" ஓம் என்றேன். "அப்ப அவருக்கு இன்னும் சுகமில்லை" என்றார்.

ஹலினா கேட்டது வேறு. "அந்தத் தம்பி இப்ப எப்பிடி நடக்கிறான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். எப்படி நடக்கிறார்?

முத்தங்களுடன்,
சுபானி

*

ஹனோவர்
11.05.2025

இயேசு மரி சூசை துணை.

அன்புத் தம்பி யாகோப்புக்கு,

உன் கடிதம் போனில் வந்து இருபது நாள். நாலு தரம் எழுதிக் கிழித்தேன். நாலிலும் முதல் வரியிலேயே பகிடி வந்துவிட்டது. இது ஐந்தாவது.

உனக்கு என்னால் நடந்ததை, மன்னிப்பு என்று ஒரு சொல் எழுதி முடிக்க முடியாது. நேரில் வருகிறேன். ஓகஸ்ட் நாலாம் திகதி யாழ்ப்பாணம் வந்து சேர்வேன், எங்கள் அம்மாவின் கல்லறைக்குப் பிறகு நேரே உன்னிடம். கிழக்குத் தோட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போ. ஊரில் யாராவது கேட்டால் 2003இல் அதைச் சொன்னது யார் என்று நானே சொல்வேன். சந்தியில் நின்று சொல்லச் சொன்னாலும் சொல்வேன்.

உக்ரேனில் முப்பத்தெட்டு ஹெக்டேர் விதைத்துவிட்டார்கள். உழவு இயந்திரம் ஓட்டுகிற மனிதன் இரண்டு காலோடு வீட்டுக்குப் போகிறான். நீ எப்படி நடக்கிறாய் என்று அந்த ஊரில் ஒரு மனுசி என் மகளைக் கேட்டிருக்கிறார். மகள் என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

நான் சுகம். உன் கால் எப்படி?

பொய்க்கால் உரசுகிறதா? புண் வருகிறதா? கடைசியாக எப்போது மாற்றினாய்? மழைக்குக் குத்துகிறதா? இல்லாத பாதம் நோகும் என்று சொல்வார்கள், உனக்கு நோகிறதா? பாத்தி கட்டும்போது எந்தப் பக்கம் ஊன்றுகிறாய்? படியில் உனக்கு யார் கை தருகிறார்கள்?

ஒவ்வொன்றுக்கும் பதில் எழுது. நீளமாக எழுது.

அண்ணன்,
அன்ரன்